தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவே

தென்கரைப்பத்து அங்கன்வாடியில் பதினான்கு வருஷமாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பாட்டெல்லாம் இல்லை. வானதி டீச்சர் "தலை எங்கே?" என்பாள், இருபத்திரண்டு பிள்ளைகளும் தலையில் கை வைப்பார்கள். கண், மூக்கு, வாய், கழுத்து, வயிறு என்று கை இறங்கிக்கொண்டே வரும். "தொப்புள் எங்கே?" என்றதும் சட்டையைத் தூக்கி விரலை வைத்துக்கொண்டு நெளிவார்கள். அதற்கடுத்த அடி, "முழங்கால் எங்கே?" எல்லாரும் சொத்தென்று குனிவார்கள். அப்புறம் பாதம், விரல். பாட்டு முடிந்ததும் சத்துமாவு உருண்டை.

நடுவில் எவ்வளவு பெரிய தாண்டல் பாருங்கள். வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி, பிள்ளைகள் தினமும் தொப்புளிலிருந்து முழங்காலுக்குத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பார்வையிட வந்த மேலதிகாரிகள் கவனிக்கவில்லை. வாசலில் நின்று கேட்ட தாய்மார்கள் கவனிக்கவில்லை. பாட்டைக் கட்டிய வானதியே கவனிக்கவில்லை. அவளுக்கு அது உறைத்தது ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், குந்தவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று.

குந்தவைக்கு நாலரை வயசு. அப்பா செழியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அம்மா பூர்ணிமா, கைக்குழந்தையான தங்கை, தாத்தா தங்கையன் ஆகியோரோடு மேலத்தெருவில் வீடு. வாயாடி. பால்வாடிக்குள் நுழையும்போதே அன்றைக்கு வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். அந்தப் பிள்ளை ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் பேச்சைக் குறைத்து, சுவரோரம் கால்களை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. என்னடி என்றால், "வயிறு வலிக்குது" என்றது.

வயிறு என்றால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். முதல் நாள் வானதியே ஓமத்தண்ணீர் கொடுத்துப் பாயில் படுக்க வைத்தாள். வீட்டில் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் தங்கையன் பேத்தியை டிவிஎஸ் வண்டியில் வைத்து, குடல் தட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோனார். அவரும் எண்ணெய் தடவி வயிற்றை வழித்து, குடல் ஏறியிருக்கிறது, இறக்கிவிட்டேன் என்றார். பிள்ளை அதற்கும் பேசாமல் படுத்திருந்தது. ஆறாம் நாள் உடம்பு கொதித்தது, நடுக்கம், வாந்தி. திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே லேடி டாக்டர் அடிவயிற்றைத் தொட்டார், மூத்திரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார், ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டார். சிறுநீர்ப் பாதையில் கிருமி. முதல் நாளே எரிந்திருக்கும். எரிச்சலுக்குப் பயந்து பிள்ளை அடக்கி அடக்கி வைத்ததில் கிருமி மேலே ஏறியிருக்கிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் மருந்தோடு போயிருக்கும். இப்போது நாலு நாள் ஊசி.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். சில பெண் பிள்ளைகளுக்கு இது திரும்பவும் வரும். வந்தால் முதல் நாளே வரணும். ஒவ்வொரு தடவையும் இப்படி ஆறாம் நாள் தூக்கி வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும்.

இதையெல்லாம் பூர்ணிமா வந்து சொன்னபோது வானதிக்குத் தன் கையிலிருந்த ஓமத்தண்ணீர் டம்ளர்தான் நினைவுக்கு வந்தது. அவள் பிள்ளையைத் தனியே சமையல் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப்போய், எதிரே குந்தி உட்கார்ந்து, எரிகிறது என்று டீச்சரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னேனே. வயிறுன்னு சொன்னேன்."

"வலிச்சது வயிறா?"

குந்தவை இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அப்புறம் ஏன்டி தங்கம் வயிறுன்னு சொன்ன?"

"அதைச் சொல்லக் கூடாதுல்ல டீச்சர்," என்றாள் குந்தவை, டீச்சருக்கே இது தெரியவில்லையே என்கிற முகத்தோடு. "அதுக்குப் பக்கத்துல வயிறுதான் இருக்கு."

வானதி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டாள். அன்றைக்குப் பாட்டு பாடும்போது தொப்புளுக்கு அப்புறம் அவள் குரல் நின்றது. பிள்ளைகள் தாங்களாகவே முழங்காலுக்குக் குனிந்துவிட்டார்கள். அடடா, இந்தத் தாண்டலை நாமல்லவா பழக்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வானதி குற்றத்தை நினைத்து மூலையில் உட்காருகிற ஆள் இல்லை. ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று தீர்மானித்தாள். எந்த வார்த்தையைச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

அவளுக்குத் துணை நீலாம்பாள். அங்கன்வாடி உதவியாளர், சோறாக்குவது, முட்டை அவிப்பது, பிள்ளைகளைக் கழுவிவிடுவது எல்லாம் அவள் வேலை. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் கழுவிவிட்டிருக்கிற கை என்பதால், எந்த வீட்டில் என்ன பேர் என்பது அவளுக்கு அத்துப்படி. முட்டை உரித்துக்கொண்டே சொன்னாள். ஆண் பிள்ளைக்குக் குஞ்சு, குஞ்சாமணி என்று ஏழெட்டுச் செல்லப்பேர் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஒரு வீட்டில் பூ, ஒரு வீட்டில் பிஞ்சு, மற்ற வீடுகளில் வெறும் ‘அது’. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போகிற வீடுகளில் இரண்டுக்கும் சேர்த்து ‘ஷேம் ஷேம்’. குண்டிக்கு மட்டும் எந்த வீட்டிலும் பேர்ப் பஞ்சமில்லை. அதை எல்லாரும் தாராளமாகச் சொல்கிறார்கள்.

வானதி ஒவ்வொன்றாக யோசித்தாள். செல்லப்பேர் நல்லதுதான், வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நம் தெருவிலேயே நாலு பேர் ஓடுகிறது, திருத்துறைப்பூண்டி நர்ஸுக்கு எப்படித் தெரியும்? ‘ஷேம் ஷேம்’ அறவே வேண்டாம். வெட்கம் என்று ஓர் இடத்துக்குப் பேர் வைத்தால், அங்கே வலி வந்தாலும் பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டுதான் நிற்கும். ‘பிரைவேட்’ என்கிறார்களே டிவியில், அது எப்படி என்று கேட்டாள்.

"பிரைவேட்டுன்னா நம்ம புள்ளைங்க மன்னார்குடி பஸ்ஸுன்னுதான் நெனச்சுக்கும்," என்றாள் நீலாம்பாள்.

வானதி மகனின் அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்திருந்தாள். அதில் இனப்பெருக்க உறுப்புகள் என்று போட்டிருந்தது. நீலாம்பாள் அதை ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, இதைச் சொல்லி முடிப்பதற்குள் வலியே போய்விடும் டீச்சர் என்றாள்.

கடைசியில் நின்றது ஆண்குறி, பெண்குறி. நாலு வயசு நாக்குக்குச் சிரமமில்லை. நர்ஸுக்குப் புரியும், டாக்டருக்குப் புரியும், எந்த ஊரிலும் புரியும். செல்லமும் இல்லை, வசவும் இல்லை, வெட்கமும் இல்லை. மூக்கு என்பது போல ஒரு பேர். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லப்போனபோது வானதிக்கு முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பிள்ளை பெற்றவள், ஊரில் எத்தனையோ பிரசவத்துக்குக் கூடப் போனவள், அவளுக்கே வரவில்லை. அடுப்படியில் நின்று ஒருதரம் முணுமுணுத்தாள். இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்க. பத்தாம் தரம் சொல்லும்போது நாக்கு பழகிவிட்டது. நீலாம்பாள் கரண்டியால் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "இவ்வளவுதானா," என்றாள்.

பாட்டில் சேர்ப்பதற்கு முன்னால் தாய்மார்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வானதி நினைத்தாள். தெரியாமல் சொல்லிக்கொடுத்துப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல, அங்கே வாயில் ஒன்று விழுந்தால் எல்லாம் கெட்டது. மார்கழி முதல் வாரத்துத் தாய்மார் கூட்டத்தில் பேசுவதாக முடிவு. ஆனால் குந்தவை விஷயம் காத்திருக்கக் கூடாதென்று பூர்ணிமாவிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னாள். பூர்ணிமா கேட்டுக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து குந்தவை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

தங்கையன் நிறுத்திவிட்டார் என்று நீலாம்பாள் விசாரித்து வந்தாள். கோபமான ஆள் இல்லை அவர். பேத்தி ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் வராந்தாவிலேயே உட்கார்ந்து, டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டவர். ஆனால் ஒரு பெண் பிள்ளை அந்த வார்த்தையை வாயால் சொல்வது என்பது அவருக்கு நினைத்துப்பார்க்கவே முடியாததாக இருந்தது. பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும், நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் போனது. வானதிக்கு வேறு எந்தப் பிள்ளையைப் பற்றியும் அவ்வளவு கவலையில்லை. டாக்டர் சொன்ன அந்தத் ‘திரும்பவும் வரும்’தான் காதில் நின்றது. வந்தால் முதல் நாளே குந்தவை சொல்ல வேண்டும். வாய் திறக்கப் பழகுவதற்கு முன்னால் வந்துவிட்டால்?

கூட்டத்தன்று பதினெட்டுத் தாய்மார்கள் வந்தார்கள். பூர்ணிமாவும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே தங்கையன் வந்தார். அந்தக் கட்டடம் நிற்கிற மனை அவர் அப்பா எழுதிக்கொடுத்தது. ஆகையால் எந்தக் கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைப்பதில்லை, அவரே வருவார். பிள்ளைகள் உட்காருகிற குட்டை நாற்காலி ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டார்.

வானதி சுற்றி வளைக்கவில்லை. பாட்டில் இரண்டு வார்த்தை சேர்க்கப்போகிறேன் என்றாள், அந்த இரண்டையும் வாய்விட்டுச் சொன்னாள். நாக்கு தடுமாறவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எதற்கு என்று வானதி சொன்னாள். வலித்தால் சொல்ல வேண்டும், அரித்தால் சொல்ல வேண்டும், அடி பட்டால் சொல்ல வேண்டும், யாராவது கை வைத்தாலும் சொல்ல வேண்டும். பேர் தெரிந்த பிள்ளைதான் சொல்லும். பேர் தெரியாத பிள்ளை வேறு எதையாவது சொல்லும், நாமும் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம்.

தங்கையன் தொண்டையைச் செருமினார். இதெல்லாம் பேப்பரில் கேஸ் செய்தியில் வருகிற வார்த்தை, போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற வார்த்தை, பால்வாடியில் எதற்கு என்று கேட்டார். நாங்களெல்லாம் இதைச் சொல்லியா வளர்ந்தோம் என்றார்.

வானதி அதற்கு ஒரு பதிலை வீட்டில் சமைக்கும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அது அவரை மடக்கிவிடும் என்று அவளுக்கு ரொம்ப நம்பிக்கை.

"பெரியப்பா, உங்க வயலுக்கெல்லாம் பேர் இருக்குல்ல? மூணுமா, புளியடி, கல்லுமடைன்னு. பேர் சொல்லாம ‘அங்க தண்ணி வுடு’ன்னா ஆளு எந்த மடையத் தெறப்பான்?"

"அந்தப் பேரையெல்லாம் நான் ரோட்டுல நின்னு கத்துவேன்," என்றார் தங்கையன். "புள்ளையவும் ரோட்டுல நின்னு கத்தச் சொல்றீங்களா டீச்சரம்மா?"

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வானதிக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் தீட்டி வைத்திருந்த கத்தி வாழைத்தண்டில்கூட இறங்கவில்லை.

பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்திருந்த சாஜிதா எழுந்தாள். அவளுடைய பாசித்தும் ஷிஃபாவும் இங்கேதான் படிக்கிறார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அதிகம் பேசாதவள். "எங்க வீட்ல சுத்தம் செய்யறது எப்படின்னு சின்னதுலயே சொல்லிக்குடுத்துடுவோம் மாமா," என்றாள். "எடத்தைச் சொல்லாம எப்படிச் சுத்தத்தைச் சொல்றது? எங்களுக்கு இதுல வெக்கமில்லை. ஆனா நான் ஒரு பேர் சொல்றேன், எங்க மாமியார் ஒரு பேர் சொல்றாங்க. எல்லாருக்கும் ஒரே பேருன்னா நல்லதுதான்."

தங்கையன் யோசித்தார். பிடிவாதம் பிடிக்கிறோம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். அவரவர் வீட்டுப் பிள்ளைக்கு அவரவர் இஷ்டப்படி சொல்லிக்கொடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு அதை வாயால சொல்ல வேண்டாம். வலிச்சா அழுவா. அழுதா நாங்க பாத்துக்குவோம்."

கூட்டம் அதோடு முடிந்திருக்கும். வானதியும் பதிவேட்டை மூடிவிட்டாள். அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அழலையே மாமா."

எல்லாரும் திரும்பினார்கள். பூர்ணிமா எழுந்து நின்றாள். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் மாமனார் முன்னால் நின்று அவள் பேசி யாரும் பார்த்ததில்லை. தோளில் கிடந்த குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பேசினாள், கை நிற்கவேயில்லை.

"ஆறு நாளும் அவ அழவே இல்லையே மாமா. நீங்கதான கூடவே இருந்தீங்க. ஒருதரம் அழுதாளா?"



பூர்ணிமா நிறுத்தாமல் சொன்னாள். இந்தச் சின்னவளுக்கு முப்பதாம் நாள் செய்தபோது, பூர்ணிமாவின் அண்ணன் முத்துப்பேட்டையிலிருந்து சீர்த்தட்டு கொண்டுவந்தான். தட்டில் கொலுசு, காப்பு, அரைஞாண், கூடவே வெள்ளியில் அரைமூடி. பெண் குழந்தைக்கு இடுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டுவார்களே, அரசிலை மாதிரி, அது. வீடு நிறைய சொந்தக்காரர்கள். குந்தவை தட்டிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, இது கைக்கு, இது காலுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அரைமூடியைத் தூக்கிப் பிடித்து, இது எதுக்கும்மா என்றாள். யாரோ பாப்பாவுக்கு என்றார்கள். பாப்பாவுக்கு எங்கே என்றாள். இடத்தைக் காட்டினார்கள். அந்த எடத்துக்குப் பேர் என்னம்மா என்று, வீடு முழுக்கக் கேட்க, கணீரென்று கேட்டாள்.

"நான்தான் மாமா வாயில அடிச்சேன். ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. இனிமே அதைப் பத்திப் பேசினா சூடு வெப்பேன்னு சொன்னேன்." பூர்ணிமாவின் குரல் உடையவில்லை. "வெள்ளியில செஞ்சு போடுறோம். அது என்னன்னு கேட்ட புள்ளைய அடிக்கிறோம். அப்புறம் அவ எப்படி மாமா அழுவா?"

வெளியே யாரோ டிராக்டரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. தங்கையன் துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். பிறகு அந்தக் குட்டை நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். போகும்போது வாசலில் கிடந்த பிள்ளைகளின் செருப்பை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்.

மருமகளுக்கு இன்றைக்கு வீட்டில் என்ன காத்திருக்கிறதோ என்று சிலருக்குப் பயம். நீலாம்பாள் பூர்ணிமாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வானதி கூட்டத்தைக் கலையவிடவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அம்மாக்களுக்குப் பழக வேண்டும், ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள் என்றாள். வெட்கப்பட்டும் இடித்துக்கொண்டும் பதினெட்டுப் பேரும் சொன்னார்கள். ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னாள். அதுவும் போதும் என்று வானதி விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு டிவிஎஸ் வண்டி வாசலில் வந்து நின்றது. தங்கையன் குந்தவையை இறக்கிவிட்டார். அது ஒரே ஓட்டமாக உள்ளே ஓடி, இரண்டு வாரமாகத் தன் தட்டை யார் வைத்துக்கொண்டது என்று சண்டையைத் தொடங்கிவிட்டது. அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"என் வாயில வராதும்மா அது," என்றார் வானதியிடம். டீச்சரம்மா போய் அம்மா ஆகியிருந்தது. "அவ வாயில வரட்டும்."

வானதி சரி பெரியப்பா என்றாள். நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிற்பாடு பூர்ணிமா சொன்னாள்: ஒன்றும் நடக்கவில்லையாம். சாயந்திரம் வந்ததும் குந்தவையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் உதட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்றைக்குப் பாட்டு முழுசாகப் பாடப்பட்டது. தொப்புளுக்கு அப்புறம் வானதி நிறுத்தினாள். ஆண் பிள்ளைகளுக்கு இருப்பதற்கு ஆண்குறி என்று பேர், பெண் பிள்ளைகளுக்கு இருப்பதற்குப் பெண்குறி என்று பேர், ஜட்டிக்குள்ளே பத்திரமாக இருக்கும் என்றாள். அம்மா குளிப்பாட்டும்போது கழுவிவிடுவார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்ப்பார்கள், வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும். எரிந்தாலும் வலித்தாலும் அதன் பேரைச் சொல்லியே சொல்லலாம். யாரும் திட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. புதுசாக ஒரு பறவையின் பேரைக் கேட்டதுபோல் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பாசித் மட்டும் ஆட்டுக்கும் உண்டா என்று கேட்டான். உண்டு என்றாள் வானதி. அவன் திருப்தியாகத் தலையாட்டினான். அடுத்து முழங்கால் எங்கே என்று ஒரு பிள்ளை அவசரப்படுத்தியது. வெட்கமெல்லாம் பெரியவர்கள் கூட்டத்தோடு முடிந்துபோயிருந்தது.

குந்தவை மட்டும் வார்த்தையைச் சொன்னதும் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வானதி பக்கத்தில் போய் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். பிள்ளை டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னது. எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் கை வாய்க்குப் போவது நின்றது. சாயந்திரம் வீட்டில் பூர்ணிமாவும் அவளை உட்கார வைத்துச் சொல்லச் சொன்னாள். அடித்த கையால் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாளாம்.

தை போயிற்று. சம்பா அறுப்பு மும்முரம். அறுப்பு மிஷின் கிடைப்பதற்கே ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி வைக்க வேண்டிய நாள்கள். மாசி பிறந்த நாலாம் நாள், தங்கையன் வயலில் மிஷின் இறங்கியிருக்கிறது என்று ஊரே அறியும். அன்றைக்குக் காலை, பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. முன்னால் குந்தவை. பின்னால் அவர், காலில் வயல் சேறு காயாமல்.

மிஷினை விட்டுவிட்டு இந்த மனுஷர் வருகிறார் என்றதுமே வானதி கிண்ணத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

பேத்தி எழுந்ததும் முதல் காரியமாகச் சொல்லிவிட்டாளாம். பூர்ணிமா கொல்லையில் இருந்திருக்கிறாள். வயலில் மிஷினை இறக்கிவிட்டு வந்து நின்ற தாத்தாதான் எதிரில் அகப்பட்டார். அவரிடமே சொல்லியிருக்கிறாள். தாத்தா, எரியுது என்று. எங்கே எரிகிறது என்று அவர் கேட்கவேயில்லையாம். அவளே பேரோடு சொல்லிவிட்டாளாம். சின்னவளுக்கு இருமல் என்று பூர்ணிமா வீட்டிலிருக்கிறாள். பெண் டாக்டர் உள்ளே கூப்பிட்டால் கூடப் போக ஒரு பெண் வேண்டும், நீ வருகிறாயா என்றார்.

நீலாம்பாள் கரண்டியோடு வந்து நின்று, நான் பார்த்துக்கொள்கிறேன், போய்ட்டு வாங்க டீச்சர் என்றாள். வானதி பின்னால் உட்கார்ந்து பிள்ளையை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடில்லை. வழியெல்லாம் குந்தவை, தாத்தா போனில் மிஷின்காரரிடம் என்ன சொல்லித் திட்டினார் என்பதை டீச்சருக்கு வரிவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். தங்கையன் அதை மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற மேஜைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வரிசை நகர நகர, தங்கையன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் முறை வந்தபோது வானதி ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள். அவரால் முடியாது, நாம் சொல்லிவிடலாம் என்றுதான். அவர் கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

மேஜையிலிருந்த நர்ஸ் பேரும் வயசும் கேட்டு எழுதினாள். என்ன தொந்தரவு என்றாள்.

தங்கையன் பேத்தியின் தோளில் கை வைத்தார். மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்போல் ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொன்னார்.

"பெண்குறியில எரிச்சல். ஒண்ணுக்குப் போறப்ப."

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாள். "காய்ச்சல் இருக்கா? எத்தனை நாளா?"

"காய்ச்சல் இல்லை," என்றார் தங்கையன். இப்போது அவர் நிமிர்ந்திருந்தார். "இன்னைக்குக் காலையிலதாம்மா. முதல் நாள்."